சிறையா? கடையா?

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா என்னும் வாதம் நம் நாட்டில் இடையிடையே எழுவதும் அடங்குவதுமாக இருந்து வந்தது. அண்மைக் காலத்தில் அது பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் சூடு பிடித்திருக்கிறது. ஒரு சாரார் அதனால் வரக்கூடிய அந்நியச் செலாவணியைக் கணக்கிட்டுக் காட்டுகின்றனர். மற்றொரு சாரார் நாடு குட்டிச்சுவராகிவிடும் என்று அஞ்சுகின்றனர். இரு சாராரும் பேசுவது பெரும்பாலும் கொழும்பிலிருந்துகொண்டுதான். கனகராயன்குளத்திலிருந்து பார்க்கும்போது இவ்வாதம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை வாசக நேயர்களோடு கலந்து பேசுவதே இவ்வாரம் நமது நோக்கம்.

கனகராயன்குளம், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பெருவீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே உள்ளது. வயலும் குளமும் காடுமாக அமைந்த விவசாயப் பூமி இது. இதே பெயர் கொண்ட கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. போதைப்பொருள் வந்திறங்கும் கடற்கரை இங்கு இல்லை. அதை விலைபேசும் பெருநகரமும் இல்லை. ஆயினும் பாக்கு நீரிணையைப் படகிற் கடந்து வடகரையில் இறங்கும் சரக்கு, தெற்கே செல்லும் பெருவழிகளுள் இவ்வீதியும் ஒன்று. 'கேரளக் கஞ்சா' என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. அதில் பெரும்பகுதி ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் இடைப்பட்ட மலைப் பிரதேசங்களில் விளைவது. கேரளம் என்பது வியாபாரிகள் இட்ட பெயரேயாகும். நெல் மூட்டை ஏற்றிய வண்டி செல்லும் வழியெல்லாம் சில மணிகள் சிந்துவது இயல்பு. இச்சரக்குச் செல்லும் வழியிலும் சிறிது சிந்தத்தான் செய்கிறது. சிந்தியதைப் பொறுக்குவோர் நம் வீட்டுப் பிள்ளைகள்.

ஆதலின் இது எவரோ பெரியவர்கள் எங்கோ பேசித் தீர்க்கும் விவகாரம் என்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

முதலில் சட்டம் யாது கூறுகிறது என்பதை அறிந்துகொள்வோம். நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அச்சட்டத்தின்படி அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவதும், விற்பதும், வைத்திருப்பதும் குற்றம். 1984-ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டபோது, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று விதிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், 'ஐஸ்' என்று இளைஞர் வாயில் வழங்கும் மெத்தம்பெற்றமைன் 5 கிராமுக்கு மேற்படின் அதே தண்டனை என்றது. 1976-ஆம் ஆண்டுக்குப் பின் நம் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019-ஆம் ஆண்டில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடுவதற்கான ஆணையில் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதை குறையும் என்பது மெய்யாயின், 1984-க்குப் பின் கழிந்த நாற்பது ஆண்டுகளில் ஹெரோயின் என்னும் சொல்லையே நாம் மறந்திருக்க வேண்டும். நிகழ்ந்தது வேறு. ஹெரோயினும் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஐஸும் வந்து அமர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்னும் பெயரில் நாடெங்கும் தேடுதல் நடவடிக்கை தொடங்கப்பட்டு, பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். வறிய மக்களே அதில் பெரிதும் இலக்காயினர் என்று குறை கூறிய ஐக்கிய நாடுகள் மனித உரிமை வல்லுநர்கள், 2024 ஜனவரியில் அதனை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டனர். சிறைகளோ அதற்கு முன்னரே இடத்துக்கு மிஞ்சி நிரம்பியிருந்தன.

இதனை ஒரு வீட்டின் கணக்காக எண்ணிப் பார்ப்போம். கூலி வேலைக்குச் செல்லும் தாய், தந்தை இல்லை. பதினெட்டு அல்லது பத்தொன்பது வயது மகன் சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலத்தோடு அகப்படுகிறான். விளக்கமறியலில் வைக்கிறார்கள். பிடிபட்ட பொருள் இன்னதுதான் என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வர வேண்டும். அதற்குக் காலம் செல்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் தாய் ஒரு நாட் கூலியை இழக்கிறாள். பஸ் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், மகனுக்கு உணவும் உடையும் கொண்டு செல்லும் செலவு இவற்றுக்காக முதலில் தோடு அடகு கடைக்குப் போகிறது. பின் வட்டிக் கடன். மகன் வெளியே வரும்போது, உள்ளே இருந்தவர்களின் சகவாசம் அவனோடு வெளியே வருகிறது. ஒரு பொட்டலத்துக்குப் பழகியவன் அதனினும் பெரியதை அறிந்துகொண்டு திரும்புகிறான். 'சிறைக்குப் போனவன்' என்ற பெயர் வேலைக்கும் விவாகத்துக்கும் குறுக்கே நிற்கிறது. பொட்டலத்தை விற்றவனுக்கோ அன்றைய தினமும் வியாபாரம் தடையின்றி நடந்திருக்கும்.

இத்தண்டனையில் ஒரு பகுதியையாவது மகன் ஏற்றான் என்று கொள்வோம். மீதிப் பகுதி முழுவதையும் ஏற்றவள் தாய். அவள் செய்த குற்றம் யாது?

புனர்வாழ்வு என்னும் சொல்

சிறை வேண்டாம், புனர்வாழ்வு தருவோம் என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் வன்னியில் இச்சொல்லுக்கு ஒரு பழைய பொருள் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். 2009-இல் போர் முடிந்த பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் முட்கம்பி வேலிக்குள் பெற்றதற்குப் 'புனர்வாழ்வு' என்றே பெயர். அப்பணியைச் செய்த புனர்வாழ்வுப் பணியகமே போதைக்கு அடிமையானவர்களையும் ஏற்றுக்கொண்டது. 2023-ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காட்டு நிலையத்தில் இராணுவத்தினரே காவலும் பயிற்சியும் நடத்தி வந்தனர். 2022 ஜூன் மாதத்தில் அங்கிருந்த ஒருவர் மரணமடைந்ததைத் தொடர்ந்து பெருங்கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடினர். நோய் தீரும் இடமென்று நம்பியவர்கள் அவ்வாறு ஓடியிருப்பார்களா?

போதைக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பதை இன்றைய வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்கிறது. நோயாளிக்கு வேண்டுவது வைத்தியரும் தாதியும். இராணுவத்தினரின் அணிவகுப்பால் எந்த நோயும் தீர்ந்ததாக நாம் அறியோம். மகனை எங்கு அனுப்புவார்களோ என்னும் அச்சத்தினாலேயே வன்னித் தாய் ஒருத்தி அவன் நோயை மூடி மறைப்பாளாயின், அவளை நாம் குறை கூற முடியாது.

அனுமதி கோருவோர் கூறுவன

இவ்வளவையும் பார்த்த பின், சட்டத்தைத் தளர்த்துவோம் என்று கூறுவோரின் கட்சியில் நியாயமே இல்லை என்று எவ்வாறு சொல்வது? அவர்கள் வாதத்துக்குப் பழைய ஆதாரமும் உண்டு, புதிய ஆதாரமும் உண்டு.

ஆங்கிலேயர் இந்தியாவை ஆண்ட காலத்தில், 1893-ஆம் ஆண்டில், கஞ்சாவைப் பற்றி ஆராய எழுவர் கொண்ட விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. மாக்வர்த் யங் என்பவர் அதன் தலைவர். 1,193 பேரிடம் வாக்குமூலம் பெற்று, 1894-இல் பல பெருந்தொகுதிகளாக அறிக்கை அளித்தார்கள். அளவோடு பாவிப்பதால் பெரும்பாலும் கேடில்லை, மிதமிஞ்சினால் கேடுண்டு, அடியோடு தடைசெய்வதைவிட வரியிட்டுக் கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அவர்கள் முடிவு.

பின்னர் உலகம் வேறு வழியிற் சென்றது. 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கஞ்சாவை ஹெரோயினோடு ஒரே அட்டவணையில் வைத்துக் கட்டியது. அதே 1961-இல்தான் இலங்கையில் ஆயுர்வேதச் சட்டமும் இயற்றப்பட்டது. சித்த, ஆயுர்வேத வைத்திய நூல்களில் கஞ்சா ஒரு மருந்துச் சரக்கு. எனவே நம் நாட்டில் ஒரு வேடிக்கை நிகழ்ந்து வந்தது. கடத்தல்காரரிடம் கைப்பற்றி, நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாகக் கிடந்த கஞ்சாவையே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் பெற்று மருந்துக்குப் பயன்படுத்தியது. மருந்துக்கு வேண்டிய மூலிகைக்குக் கள்வரை எதிர்பார்த்திருக்கும் நிலையைச் சீரான நிலை என்று எவரும் கூறார்.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27-க்கு 25 என்னும் வாக்கு வித்தியாசத்தில், கஞ்சாவை அந்த மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து நீக்கியது. அதற்கு முன்னரே 2013-இல் உருகுவே நாடு கஞ்சாவை முற்றாக அனுமதித்துச் சட்டம் இயற்றியிருந்தது. 2018 அக்டோபரில் கனடாவும், 2024 ஏப்ரலில் ஜேர்மனியும் அனுமதித்தன. ரொறன்ரோவில் வாழும் நம் உறவினர், வீதியோரக் கடைகளில் அது விற்பனையாவதைக் கண்டும் காணாமலும் கடந்து செல்கின்றனர். போர்த்துக்கல் நாடு 2001-ஆம் ஆண்டில் மற்றொரு வழியைத் தெரிந்தது. பத்து நாட் பாவனைக்கு மேற்படாத அளவு வைத்திருப்போனை அங்கு நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை. சட்டம், வைத்தியம், சமூகசேவை அறிந்தவர்கள் அமர்ந்த சிறு குழுவின் முன் அனுப்புகிறார்கள். விற்பவனுக்குச் சிறை அங்கும் உண்டு. ஊசி மூலம் பரவிய எய்ட்ஸ் நோய் அங்கு பெருமளவு குறைந்தது.

இவை யாவும் மெய். ஆனால் இவற்றையெல்லாம் காட்டி, 'ஆகவே ஊருக்கொரு கடை திறப்போம்' என்று முடிப்பார்களாயின், அங்கேதான் நாம் தயங்கி நிற்கிறோம்.

கடையை நாம் அறிவோம்

கடை எப்படியிருக்கும் என்பதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அரசாங்க அனுமதிபெற்ற போதை ஒன்று நம்மிடையே நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. 1912-ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அதற்கு அத்திவாரம். சாராயத் தவறணைகளை எதிர்த்து அக்காலத்தில் எழுந்த மதுவொழிப்பு இயக்கத்திலேயே டி. எஸ். சேனநாயக்க முதலியோர் பொதுவாழ்வுக்கு வந்தனர். ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் உரிமையும் ஆங்கிலேயர் காலத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தவர் அவ்வுரிமையைப் பயன்படுத்தியும் இருக்கின்றனர்.

இன்று அனுமதிப்பத்திரம் எவ்வாறு வழங்கப்படுகிறது? 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்ட பட்டியல் ஒன்று, அவ்வாண்டில் நாடெங்கும் 360-க்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதைக் காட்டியது. அவற்றுள் கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. போரினால் கணவரை இழந்த பெண்கள் குடும்பத்தைத் தாங்கும் மாவட்டம் அது. கடன்காரர் வாசலில் நிற்கும் மாவட்டம் அது. மதுக்கடை போதவில்லை என்று அங்குள்ள தாய்மார் எவரும் விண்ணப்பம் செய்ததாக நாம் கேள்விப்படவில்லை. அரசியல் செல்வாக்கே அனுமதிப்பத்திரமாக மாறிற்று என்னும் குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. கஞ்சாவுக்கும் அனுமதிப்பத்திரம் என்று ஒன்று வருமாயின், அதுவும் இதே கைகளின் வழியாகத்தானே வரும்?

அனுமதி பெற்ற கடை வந்தால் களவுச் சரக்கு ஒழிந்துவிடும் என்பர். மதுக்கடை வந்த பின் கசிப்பு ஒழிந்ததா? வரி ஏற ஏறப் போத்தல் விலை ஏறுகிறது. போத்தல் விலை ஏற ஏறக் காட்டுக்குள் கசிப்புப் பானை கொதிக்கிறது. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி என்னும் புதுவரியையே விதிக்க வேண்டியிருந்தது. 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. பின்னர் மறுபடி தளர்ந்தது. 2003 முதல் தமிழ்நாட்டு அரசாங்கமே 'டாஸ்மாக்' என்னும் நிறுவனத்தின் வாயிலாகச் சில்லறைக் கடை நடத்தி வருகிறது. அப்படியிருந்தும் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடையும் இருந்தது, கள்ளச் சாராயமும் இருந்தது. இரண்டுக்கும் இடையே அகப்பட்டு மாண்டவர்கள் ஏழைகள்.

கடை திறப்பது எளிது, மூடுவது அரிது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. தக்க ஒழுங்கு விதிகள் வருமுன்னரே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்துவிட்டன. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று அரசாங்கம் திரும்ப ஆணையிட்டது. முதலிட்டவர்களும் வேலைக்கமர்ந்தவர்களும் தெருவில் இறங்கி முறையிட்டனர். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலமோ எல்லாப் போதைப்பொருளிலும் சிறிதளவு வைத்திருப்பதைச் சிறைக்குரிய குற்றமல்ல என்று 2021-இல் ஆக்கியது. சிகிச்சை நிலையங்கள் ஆயத்தமாகவில்லை. சட்டம் மட்டும் முந்திக்கொண்டது. மக்கள் வெறுப்புற்று, 2024 செப்டம்பரில் அதனை மீண்டும் குற்றமாக்கினர். முறை இவ்வளவும் கற்பிக்கிறது: வைத்தியசாலை முன்னே வர வேண்டும், தளர்வு பின்னே வர வேண்டும்.

நம் நாட்டில் எது முன்னே வந்தது? அந்நியச் செலாவணி. 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராய வல்லுநர் குழு அமைக்கப்படும் என்று கூறப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு, மீரிகமவில் வேலியிட்ட நிலத்தில் ஏற்றுமதிக்காகப் பயிரிட அனுமதி அளிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. டொலர் கொண்டுவருவோன் ஏக்கர் கணக்கில் பயிரிட்டால் அது முதலீடு. வன்னி இளைஞன் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தால் அது விளக்கமறியல். ஏற்றுமதியே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை, மருந்துக்காகின் நன்றே. ஆனால் ஒரே செடிக்கு இரண்டு நீதிகள் இருப்பதைச் சட்டம் இயற்றுவோர் கண்திறந்து பார்க்க வேண்டாமா?

நாம் வேண்டுவது

இவ்வாதத்தில் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சாக்கில் கட்டிவைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம். பாவிப்பவன் ஒருவன்; மருந்து ஒன்று; வியாபாரம் மற்றொன்று. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் வழி தெளிவாகும்.

சிறிதளவு கஞ்சாவோடு அகப்படும் இளைஞனைச் சிறைக்கு அனுப்புதல் வேண்டாம். போர்த்துக்கலிற் போன்று, அவனையும் அவன் பெற்றோரையும் அழைத்துப் பேசும் குழு ஒன்று பிரதேச செயலகம் தோறும் இருக்கட்டும். ஐஸும் ஹெரோயினும் வேறு. அவை உடலையும் புத்தியையும் விரைவில் தின்பவை. அவற்றுக்கு அடிமையானவனுக்கு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் மனநல வைத்தியரின் கீழ் சிகிச்சை கிடைக்க வேண்டும். அங்கே சீருடைக்காரர் வேண்டாம். மருந்துக்கு வேண்டிய கஞ்சாவை வைத்தியத் திணைக்களத்தின் மேற்பார்வையில் முறைப்படி விளைவிக்கலாம். கடத்துவோனையும் அவனுக்குப் பணம் இடுவோனையும் சட்டம் விடலாகாது. வீதியோரத்திற் பொட்டலத்தைத் தேடுவதைவிட, படகுக்கு முதலிட்டவன் யார், அப்பணம் எந்தக் கட்டடமாகவும் எந்த வாகனமாகவும் மாறிற்று என்பதைத் தேடுவதற்கு அதிக முயற்சி செலவாகட்டும்.

வியாபாரக் கடை? இப்போது வேண்டாம் என்பதே நமது விடை. 'பாவிப்பவனைத் தண்டிக்க மாட்டீர், விற்பவனைத் தண்டிப்பீர், அப்படியாயின் அவன் எங்கே வாங்குவான்?' என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாம் கூறும் வழியில் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. போர்த்துக்கல் அந்த இடைவெளியோடு இருபதாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. கனடாவில் ஊருக்கொரு வைத்தியரும், சரக்கைச் சோதிக்கும் கூடங்களும், வயதைக் கேட்டு மறுக்கும் கடைக்காரனும் உண்டு. அங்கேயும் களவுச் சந்தை முற்றாக ஒழிந்தபாடில்லை. நம்மிடம் அவற்றுள் ஒன்றும் ஆயத்தமாக இல்லை. சிறுவனுக்குச் சாராயம் விற்காதே என்னும் விதியையே காப்பாற்ற இயலாத நாட்டில், அதே சிறுவனுக்கு இன்னொரு கடையைத் திறந்துவைத்து விதியைக் காட்டுவதில் பயன் என்ன? பள்ளி மாணவருக்கு 'மதன மோதகம்' உருண்டை விற்ற பெட்டிக்கடைகளைப் பற்றிய செய்திகளை நாம் பத்திரிகைகளிற் படித்திருக்கிறோம் அல்லவா?

என்றேனும் ஒருநாள் அப்படியொரு கடை வருமாயின், பழைய தவறணை வாக்குரிமையையும் உடன் கொண்டுவர வேண்டும். ஊரின் எல்லைக்குள் கடை வரலாமா என்பதை ஊரவர் வாக்களித்துத் தீர்மானிக்கட்டும். பெண்கள் அனைவருக்கும் அதில் வாக்கிருக்கட்டும். மதுக்கடைகளுக்கும் அவ்விதியை இப்போதே கொண்டுவந்தால் மிக நன்று.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

சட்டம் மாறும் வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளையின் கண் சிவந்திருப்பதையும், உறக்கம் கெட்டிருப்பதையும், வீட்டில் சில்லறை குறைவதையும் முதலில் காண்பவள் தாய். ஊர் என்ன சொல்லுமோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தில் ஆறு மாதம் கழிகிறது, ஓராண்டும் கழிகிறது. பேசித் தீர்த்திருக்கக்கூடிய பழக்கம் அதற்குள் நோயாக வேரூன்றிவிடுகிறது. தகப்பன்மார் அறிந்தால் அடிக்கிறார்கள். அடிபட்ட பிள்ளை வீட்டைவிட்டுச் சந்திக்குப் போகிறான். அங்கே அவனை அன்போடு வரவேற்கப் பொட்டலக்காரன் இருக்கிறான்.

நம் ஊர்களில் போர் விட்டுச்சென்ற துயரத்தைப் பேசித் தீர்க்காதவர் பலர். அண்ணனை இழந்தவன், தந்தையைக் காணாதவன், முகாமிற் பிறந்தவன் என்று இளைஞர் வரிசை நீளமானது. அவர்களுட் சிலர் துக்கத்துக்கு மருந்தென்று தாமே தேடிக்கொண்டதுதான் கசிப்பும் கஞ்சாவும். அவர்களைக் 'காவாலி' என்று பெயரிட்டு ஒதுக்குமுன், நாம் எப்போதாவது அவர்களை அமர்த்தி வைத்துக் கேட்டிருக்கிறோமா? ஒரு பிள்ளை அகப்பட்டுவிட்டால் அந்த வீட்டு வாசலில் கால் வைக்க அயலவர் தயங்குவதும், அதே ஊரில் திடீரென மாடிவீடு கட்டியவன் பந்தலில் முதற் பந்தியில் அமர்வதும் நாம் கண்ட காட்சிகளே. அவமானம் யாரைச் சேர வேண்டுமோ அவரைச் சேரும்படி ஊர் நடந்துகொண்டால், சட்டத்தின் வேலையில் பாதி குறையும்.

ஆசிரியர்மாரும், கோயில், தேவாலய நிர்வாகிகளும், விளையாட்டுக் கழகத்தாரும், மாதர் சங்கத்தாரும் மாதத்தில் ஒருநாள் கூடி இதைப் பற்றி மட்டும் பேசலாம். பழகிக் கெட்டு மீண்டவர் எவரேனும் ஊரில் இருந்தால் அவரைப் பேச அழைக்கலாம். அவர் சொல்வதை இளைஞர் கேட்பர். பிள்ளை வைத்தியசாலைக்குப் போகத் துணிந்தால், ஒரு நாட் கூலியை விட்டுக் கூடச்செல்ல அயலவர் ஒருவர் முன்வரலாம். இவற்றுக்கு எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் நம் தாய்மார் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். எங்கள் மாவட்ட வைத்தியசாலையில் போதை நோய்க்கு எத்தனை கட்டில் போடுவீர்? எங்கள் ஊரில் கடை திறக்குமுன் எங்களைக் கேட்பீரா? இவ்விரண்டுக்கும் நேரான விடை கூறாதவர், கஞ்சாவை அனுமதிப்போம் என்றாலும் அடியோடு ஒழிப்போம் என்றாலும், அவர் பேச்சில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றே கொள்ள வேண்டும்.